சர்வர் டவுன் ஆகுறது ரிசல்ட் அன்னிக்கு இல்ல, முதல் மீட்டிங்லயே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்து நாலு நாள் ஆச்சுன்னா உங்க பேப்பர்ல ஒரு செய்தி கண்டிப்பா வந்துரும், சர்வர் முடக்கம், சான்றிதழுக்கு மாணவர்கள் அலைச்சல்னு, கூடவே இ-சேவை மைய வாசல்ல ஃபைலை தலைக்கு மேல பிடிச்சிட்டு கத்திரி வெயில்ல நிக்கிற அம்மாக்கள் போட்டோ. செய்தில தப்பு இல்ல. ஆனா யாருமே எதிர்பாக்காத ஒண்ணு திடீர்னு நடந்துட்டதா எழுதுறீங்க பாருங்க, அதுலதான் எனக்கு வருத்தம், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் காட்பாடிக்காரன். சாஃப்ட்வேர்ல ரிக்வயர்மென்ட் எழுதுற வேலை, அதாவது புரோகிராம் கோடு அடிக்கிற பசங்க வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போய் உக்காந்து உங்களுக்கு என்னென்ன வேணும்னு கேட்டு டாக்குமென்ட் ஆக்கிட்டு வர்றவன். அந்த அனுபவத்துல சொல்றேன், சர்வர் டவுன்ங்கிறதுல பாதிக்கு மேல விபத்து கிடையாது, முதல் மாசத்துல யாரோ எழுதாம விட்ட ஒரு வரி.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரிசல்ட் தேதிய சொல்றது அரசாங்கம், இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு கடைசி தேதிய சொல்றதும் அரசாங்கம், ஜாதி சான்றிதழ் வருமான சான்றிதழ் முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் கொண்டு வான்னு சொல்றதும் அதே அரசாங்கம். அப்ப எந்த வாரத்துல கூட்டம் வரும்னு காலண்டர்லயே இருக்கு. போன வருஷம் எந்த நாள் எந்த மணிக்கு எத்தன அப்ளிகேஷன் வந்துச்சுன்னு அவங்க கம்ப்யூட்டர்லயே பதிவு இருக்கும், அதை எடுத்து அடுத்த சாஃப்ட்வேர் டாக்குமென்ட்ல "இத்தன பேர் ஒரே நேரத்துல வந்தாலும் ஓடணும்"னு எழுதினாங்களாங்கிறதுதான் கேள்வி.

நான் பாத்த டாக்குமென்ட்ல எல்லாம் ஃபங்ஷன் பக்கம் தடிமனா இருக்கும். இந்த பட்டனை அமுக்குனா இந்த ஸ்கிரீன் வரணும், இந்த ரிப்போர்ட்ல இத்தன கட்டம் இருக்கணும்னு பக்கம் பக்கமா. கடைசில ஒரே ஒரு பாரா: "மென்பொருள் வேகமாகவும் பாதுகாப்பாகவும் பயன்படுத்த எளிதாகவும் எந்நேரமும் இயங்கும் வகையிலும் அமைய வேண்டும்." இது கல்யாண வாழ்த்து மடல் மாதிரி இருக்கே ஒழிய ரிக்வயர்மென்ட் இல்ல. வேகம்னா எத்தன செகண்ட்? எளிதுன்னா யாருக்கு எளிது, பிஇ படிச்ச பையனுக்கா, ரேஷன் கடைல நிக்கிற ஆயாவுக்கா? இதுக்கு பதில் இல்லன்னா டெஸ்டிங்ல எதை வெச்சு பாஸ் ஃபெயில் போடுவாங்க? போட மாட்டாங்க, கையெழுத்து போட்டு வாங்கிப்பாங்க, அவ்ளோதான்.

எங்க ஃபீல்டுல இதுக்கு நான்-ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட்னு பேரு, குவாலிட்டி ஆட்ரிப்யூட்னும் சொல்லுவோம். சாஃப்ட்வேர் என்ன செய்யணும்ங்கிறது ஒண்ணு, அதை எவ்ளோ நல்லா செய்யணும்ங்கிறது இன்னொண்ணு, இது அந்த ரெண்டாவது. நேத்து கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. அமெரிக்காவுல பாரி போம் 1976லயும் மெக்கால் 1977லயும் தரத்தை பிரிச்சு பிரிச்சு பட்டியல் போட்டுட்டாங்க, 1991ல ஐஎஸ்ஓ 9126னு உலக ஸ்டாண்டர்டு வந்துச்சு, 2011ல அது ஐஎஸ்ஓ 25010 ஆச்சு, வேகம், நம்பகம், செக்யூரிட்டி, பயன்படுத்துற வசதி, பின்னாடி மாத்துற வசதின்னு மொத்தம் 8 தலைப்பு, 2023ல திருத்தினப்ப உயிருக்கும் உடமைக்கும் ஆபத்து வராம பாத்துக்கறத தனியா சேத்து 9 ஆக்கிட்டாங்க. பட்டியல் ரெடியா இருக்கு, முதல் மீட்டிங்ல அதை விரிச்சு வெச்சு கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல.

ஏன் முதல் மீட்டிங்லயே கேக்கணும், பின்னாடி சேத்துக்கக் கூடாதான்னு கேப்பீங்க. குடியாத்தம் பக்கம் புடவை விக்கிற ஒரு சொசைட்டில நடந்தத சொல்றேன், பேர் வேணாம். பில் போடற சாஃப்ட்வேர் வாங்கினாங்க, சர்வர் எங்கயோ கிளவுட்ல. டெமோல எல்லாம் பிரமாதம், பில், ஸ்டாக், ரசீது, தள்ளுபடி கணக்கு எல்லாம் டக்கு டக்குனு வந்துச்சு. தீபாவளிக்கு முந்தின வாரம், கடை நிறைய கூட்டம், நெட் போச்சு. ரெண்டு கவுண்டரும் அப்படியே நின்னுச்சு. பரண்ல கெடந்த பழைய ரசீது புக்கை தூசி தட்டி எடுத்து கைல எழுதினாங்க. சீசன் முடிஞ்சதும் வெண்டரை கூப்பிட்டு நெட் இல்லாட்டியும் ஓடற மாதிரி பண்ணி குடுப்பான்னாங்க, சின்ன வேலைதானேன்னு நெனச்சு.

சின்ன வேலை இல்ல சார். பில் நம்பர் சர்வர்ல ஒரே வரிசையா ஓடுது, நெட் இல்லன்னா கவுண்டர்ல இருக்கற கம்ப்யூட்டருக்கு அடுத்த நம்பர் என்னன்னே தெரியாது. அது பாட்டுக்கு ஒரு நம்பர் போட்டா அடுத்த கவுண்டரும் அதே நம்பரை போட்டு வெக்கும், ரெண்டு கஸ்டமர் கைல ஒரே நம்பர்ல பில். சரி கவுண்டருக்கு ஒரு சீரீஸ் குடுக்கலாமேன்னா, குடுக்கலாம், ஜிஎஸ்டி ரூல் 46லயே 16 எழுத்துக்குள்ள ஒண்ணோ பலவோ சீரீஸ் வெச்சுக்கலாம்னுதான் இருக்கு, சட்டம் விடுது, சாஃப்ட்வேர் விடல, ஏன்னா உள்ள எழுதியிருக்கற ரிப்போர்ட் பூரா ஒரே வரிசைங்கிறத நம்பி எழுதினது. அப்புறம் ஸ்டாக். கடைசியா இருக்கற ஒரே புடவைய நெட் இல்லாத நேரத்துல ரெண்டு கவுண்டரும் வித்ததா காட்டுனா நெட் வந்ததும் யார் கணக்கு நிக்கும்? கேன்சல் பண்ண பில் எங்க போகும்? நம்பர் நடுவுல விட்டுப் போச்சுன்னு ஆடிட்டர் கேட்டா என்ன பதில்? இது அத்தனையும் அடித்தளத்துல எடுக்க வேண்டிய முடிவு, மேல பூசுற வேலை கிடையாது. வெண்டர் குடுத்த கொட்டேஷன் கிட்டத்தட்ட புது சாஃப்ட்வேர் விலைக்கு வந்து நின்னுச்சு.

அங்க கேஷ்ல இருந்த அக்கா சொன்னாங்க, "மத்தியானம் ஆனா நெட்டு போயிடும்னு இங்க எல்லாருக்கும் தெரியும்பா, வந்தவங்க செக்ரட்டரி ரூம்லயே காபி குடிச்சிட்டு போய்ட்டாங்க, எங்கள இன்னா ஏதுன்னு யாரு கேட்டாங்க?" நான் பல வருஷமா ட்ரெயினிங்ல கேட்டதை விட இது பெருசு. ரிக்வயர்மென்ட் செக்ரட்டரி ரூம்ல கெடைக்காது, கேஷ் கவுண்டர்ல கெடைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், தமிழ். கிருஷ்ணமூர்த்தின்னு ஒரு பேர், நம்ம கண்ணுக்கு 8 எழுத்து. கம்ப்யூட்டருக்குள்ள யூனிகோடுல அது 15 குறியீடு, யூடிஎஃப்-8ங்கிற முறைல சேமிச்சா 45 பைட். பேருக்கு 50 பைட் போதும்னு முதல் நாள் எவனோ முடிவு பண்ணியிருந்தா கிருஷ்ணமூர்த்தி தப்பிச்சுப்பார், அவர் அப்பா பேரையும் சேத்து அடிச்சா பாதில வெட்டிடும், வெட்டுன பேர் சான்றிதழ்ல வரும், அதை திருத்த தாலுகா ஆபீசுக்கு நடக்கணும். 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும் தமிழுக்குன்னே இருக்கற டேஸ்16 குறியீட்டு முறையையும் ஸ்டாண்டர்டுனு சொல்லியாச்சு, இருந்தும் "தமிழ் பின்னாடி பாத்துக்கலாம்"னு சொல்ற மீட்டிங் இன்னும் நடந்துட்டுத்தான் இருக்கு. கொரோனா சமயத்துல தடுப்பூசிக்கு பதிவு பண்ற கோவின் போர்ட்டல்ல மாநில மொழிகள் சேத்தப்ப முதல் லிஸ்ட்ல தமிழ் இல்ல, ஞாபகம் இருக்கும், சத்தம் போட்டப்புறம்தான் வந்துச்சு. அதே கோவின்ல 2021 ஏப்ரல் 28 சாயங்காலம் 4 மணிக்கு 18 வயசுக்கு மேல எல்லாரும் பதிவு பண்ணலாம்னு தேதி நேரம் சொல்லி கூப்பிட்டுட்டு, 4 மணிக்கு போனா ஓடிபி வரல, பக்கம் தெறக்கல. கூப்பிட்டவங்களுக்கு எத்தன பேர் வருவாங்கன்னு தெரியாதா?

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல ஹெல்த்கேர் டாட் கவ்னு இன்சூரன்ஸ் போர்ட்டல் 2013 அக்டோபர் 1ஆம் தேதி தெறந்தாங்க, முதல் நாள் முழுக்க அதுல இன்சூரன்ஸ் சேர முடிஞ்சது 6 பேரு, தப்பா அச்சாகல, ஆறே பேரு. அதை விட கொடுமை 1991 பிப்ரவரி 25, சவுதில தஹ்ரான்ல பேட்ரியாட் ஏவுகணை தடுப்பு சிஸ்டம் எதிர்ல வந்த ஈராக்கோட ஸ்கட் ஏவுகணைய கோட்டை விட்டு 28 அமெரிக்க சிப்பாய்ங்க செத்தாங்க. காரணம் ரொம்ப சின்னது, கடிகார கணக்குல இம்மியளவு பிசகு, ஓட ஓட சேந்துகிட்டே போய் 100 மணி நேரத்துல 0.34 செகண்ட் ஆயிடுச்சு. அந்த சிஸ்டம் ஒரே எடத்துல சில மணி நேரத்துக்கு மேல ஓடாதுன்னு நெனச்சு பண்ணினது, நிறுத்தாம எவ்ளோ நேரம் ஓட்டுவீங்கன்னு ஓட்டுறவங்க கிட்ட கேட்டு அந்த பதிலுக்கு ஏத்த மாதிரி பண்ணியிருந்தா கதையே வேற.

சரி நம்பர் போட்டுட்டா போதுமான்னா, நம்பர்லயும் ஏமாத்து இருக்கு. 99 சதவீதம் இயங்கணும்னு டெண்டர்ல போட்டா கேக்க நல்லாத்தான் இருக்கும், கணக்கு போட்டா வருஷத்துக்கு மூணரை நாளுக்கு மேல படுத்துக்கலாம்னு அர்த்தம், அந்த மூணரை நாளும் ரிசல்ட் வாரத்துலயே விழுந்தாலும் கம்பெனி மேல தப்பு சொல்ல முடியாது, ரூல் படி கரெக்ட். 99.9னா ஏறக்குறைய 8 மணி 45 நிமிஷம். அதனால சதவீதத்தோட "மே ஜூன்ல வேலை நேரத்துல இவ்ளோதான் நிக்கலாம்"னு தனியா எழுதணும். சராசரியும் அப்படித்தான். 100 பேர்ல 90 பேருக்கு 1 செகண்ட், 10 பேருக்கு 21 செகண்ட் ஆனா சராசரி 3 செகண்ட்னு வரும், அந்த 10 பேர் ஜவ்வாது மலைலயும் பேரணாம்பட்டு காட்டோரத்துலயும் சிக்னல் தேடிட்டு நிக்கிறவங்களா இருப்பாங்க. 100ல 95 பேருக்கு 3 செகண்டுக்குள்ள, அதுவும் எந்த நெட்ல, எந்த கூட்டத்துலன்னு எழுதுனாத்தான் அது பேச்சு.

இதை எப்படி எழுதுறதுன்னு வழியும் இருக்கு. அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டியோட சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிட்யூட் (எஸ்இஐ) சொல்லிக் குடுத்த முறை, ஆறு கேள்வி: யாரு, என்ன பண்றாங்க, சிஸ்டத்துல எந்த பகுதில, எந்த நெலமைல, சிஸ்டம் என்ன பண்ணணும், அதை எப்படி அளக்கறது. நம்ம ஊருக்கு போட்டு பாத்தா இப்படி வரும்: ரிசல்ட் வந்த மூணாம் நாள் காலைல 10 மணிக்கு, மாவட்டம் பூரா இருக்கற இ-சேவை ஆபரேட்டருங்க ஒரே நேரத்துல வருமான சான்றிதழ் அப்ளிகேஷன் போடறாங்க, 100ல 95 அப்ளிகேஷன் 5 செகண்டுக்குள்ள ஏறணும், மிச்சம் 5ம் தொலையக் கூடாது, வரிசைல வெச்சு ஒப்புகை நம்பர் குடுத்து ஆளை வீட்டுக்கு அனுப்பிடணும். இதை படிச்ச உடனே டிசைன் பண்றவனுக்கு ஒரே மெஷின்ல வெச்சு தள்ள முடியாது, அப்ளிகேஷனை வாங்குறதையும் சரிபாக்குறதையும் பிரிக்கணும்னு புரிஞ்சிடும். "வேகமாக இருக்க வேண்டும்"னு படிச்சா அவனுக்கு ஒண்ணும் புரியாது.

இப்ப காசு விஷயத்துக்கு வர்றேன், என்னைக் கேட்டா மெயின் மேட்டரே இதுதான். தமிழ்நாட்டுல 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம் இருக்கு, நல்ல சட்டம். டெண்டர் டாக்குமென்ட்ல என்ன அளவுகோல் போட்டிருக்கோ அதை வெச்சுத்தான் விலைய ஒப்பிடணும், கொறஞ்ச விலைக்காரனுக்கு வேலை. அப்ப டாக்குமென்ட்ல கூட்ட நாள் லோடு எழுதலன்னா என்ன ஆகும்? ஒரு கம்பெனி நேர்மையா யோசிச்சு, மே மாசம் தாங்கணும், பேக்கப் சர்வர் வேணும், லோடு டெஸ்ட் பண்ணணும்னு அதுக்கும் சேத்து விலை போடும். இன்னொருத்தன் எழுதாததுக்கு நான் ஏன் செலவு பண்ணணும்னு கம்மியா போடுவான். ஜெயிக்கறது அவன்தான், அதிகாரி நெனச்சாலும் மாத்த முடியாது. எழுதாம விட்ட அந்த ஒரு வரி நல்லா வேலை செய்றவனை வெளில தள்ளிடுது. அதுக்கப்புறம் சர்வர் படுத்தா கம்பெனிக்காரன் லஞ்சம் குடுத்தான்னு டீக்கடைல பேசறோம், பல சமயம் லஞ்சமே தேவைப்படல சார், அந்த வரி இல்லாததே போதும்.

இன்னொண்ணு, ஒரு தரமும் இன்னொரு தரமும் மோதும், அப்ப யார் முடிவு எடுக்கறதுன்னு இருக்கு. பேரணாம்பட்டு பக்கம் பீடி சுத்துற அம்மாங்க, தோல் ஷாப்ல சுண்ணாம்புத் தொட்டில எறங்கி வேலை பாத்தவங்க, இவங்க விரலை ரேஷன் கடை மெஷின்ல வெச்சா ரேகை எடுக்காது, துடைச்சு துடைச்சு வெச்சுப் பாத்துட்டு "நாளைக்கு வாம்மா"ன்னுடுவாங்க. ரேகை இல்லாம விட்டா போலி ஆள் வருவான்னு சிஸ்டம் செக்யூரிட்டி பாக்கறவர் சொல்வார், சரிதான், ஆனா ரேகை எடுக்கலன்னா அடுத்து கருவிழியா, ஓடிபியா, கடைக்காரர் கையெழுத்தான்னு முதல்லயே முடிவாகணும், அதை முடிவு பண்ண வேண்டியது துறை, ராத்திரி 11 மணிக்கு கோடு அடிக்கிற 23 வயசு பையன் இல்ல. துறை சொல்லலன்னா அவன்தான் முடிவு பண்ணுவான், வேற வழி? 2025 ஏப்ரல் 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, ஆசிட் வீச்சுல கண் இமை போனவங்க ஆள் யாருன்னு சரிபாக்கற கேஒய்சி பண்றப்ப "கண்ணை சிமிட்டு"ன்னு ஆப் கேட்டா எப்படி சிமிட்டுவாங்கன்னு போட்ட கேஸ்ல, டிஜிட்டல் வசதி கெடைக்கறது அரசியல் சட்டம் 21ஆவது பிரிவுல வர்ற வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னு கோர்ட் சொல்லிடுச்சு. கண் சிமிட்ட முடியாதவங்களும் வருவாங்களேன்னு முதல் மீட்டிங்ல ஒருத்தர் கேட்டிருந்தா அவங்க டெல்லி வரைக்கும் கோர்ட் படி ஏற வேண்டியது இல்ல.

எங்க ஆளுங்கள்லயே சிலர் சொல்வாங்க, இப்ப எல்லாம் அஜைல், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ மாத்திக்கலாம், முதல்லயே எல்லாத்தையும் எழுதி வெக்கறது பழைய காலம்னு. பட்டன் கலரும் ரிப்போர்ட் கட்டமும் ரெண்டு வாரத்துல மாத்தலாம்பா, பில் நம்பர் வரிசைய மாத்திக் காட்டு பாப்போம். அதே சமயம் 9 தலைப்புலயும் எல்லாத்துக்கும் உச்சம் கேக்கறதும் முட்டாள்தனம், கிராம நூலக புத்தக கணக்குக்கு 24 மணி நேரமும் நிக்காத சர்வர் எதுக்கு, அது மக்கள் வரிப்பணம். இந்த வேலைக்கு எந்த நாலஞ்சு முக்கியம்னு தேர்ந்தெடுத்து அதுக்கு மட்டும் கறாரா நம்பர் போடணும், மத்ததுக்கு சுமாரா இருந்தா போதும்னு தைரியமா எழுதவும் செய்யணும்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு எங்க வேலூரை கிண்டல் பண்ணுவாங்க, சாமி இல்லாத கோயில்னும் சொல்லிட்டிருந்தாங்க, 1981ல ஜலகண்டேஸ்வரரை திரும்ப உள்ள கொண்டாந்து வெச்சு அதுக்கு மட்டும் முடிவு கட்டியாச்சு. இப்ப அந்த லிஸ்ட்ல சர்வர் இல்லாத ஆபீஸ்னு ஒண்ணு சேந்திருக்கு, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு நாளுக்கு வர்றவங்க பேச்சுல அடிக்கடி காதுல விழுது.

ஆசிரியர் கிட்ட கேக்கறது ரெண்டு. டெண்டர் விளம்பரம் பேப்பர்ல வருது, முழு டாக்குமென்ட் அரசு டெண்டர் போர்ட்டல்ல இருக்கும், யார் வேணும்னாலும் பாக்கலாம். சாஃப்ட்வேர் டெண்டர் வர்றப்ப உங்க நிருபர் ஒருத்தரை அதை தெறந்து பாக்க சொல்லுங்க, கூட்ட நாள்ல எத்தன பேர்னு இருக்கா, நெட் போனா கரண்ட் போனா என்ன செய்யணும்னு இருக்கா, விரல் ரேகை எடுக்காதவங்களுக்கு, கண் தெரியாதவங்களுக்கு வழி எழுதியிருக்கா. இல்லன்னா டெண்டர் தெறக்கறதுக்கு முன்னாடியே செய்தி போடுங்க, டெண்டருக்கு முந்தின கேள்வி பதில் கூட்டம்னு ஒண்ணு வெப்பாங்க, அந்த சமயத்துல திருத்த வழி இருக்கு. ரெண்டாவது, அடுத்த தடவ சர்வர் படுத்தா அதிகாரிய "எப்ப சரியாகும்"னு கேக்கறதோட நிறுத்தாம, "ஒப்பந்தத்துல எவ்ளோ கூட்டத்துக்கு தாங்கணும்னு எழுதியிருக்கீங்க, மக்களுக்கு தெறந்து விடறதுக்கு முன்னாடி அவ்ளோ கூட்டத்தை விட்டு டெஸ்ட் பண்ண ரிப்போர்ட் எங்க"ன்னு கேட்டு, அவர் சொல்ற பதிலை அப்படியே போடுங்க. பதில் சொல்லலன்னா சொல்லலன்னு போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்